எட்டுச்செலவுச் சாராயமும் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளும்

கவனமானவர்கள் தவறு செய்வதில்லை என்றொரு நம்பிக்கை எங்கள் வீட்டில் இருந்தது. அவர்கள் தவறையும் கவனமாகவே செய்வார்கள் என்பதை நிரூபித்தவள் நான். என் வாழ்வின் மிகப் பெரிய தவறைப் இருமல் பாணி மருந்துப் போத்தலின் மூடியால் அளந்து, ஒரு துளி சிந்தாமல் செய்து முடித்தேன்.

நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. நாரந்தனையில் எங்கள் பெரியப்பா, அப்பாவின் தமையன், இறந்து முப்பது நாட்கள் ஆகியிருந்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீரிமலையில் அந்தியேட்டி. அவருடைய சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். அவரின் ஒரே மகன் சுதன் அண்ணா பாரிஸில் இருந்தார். விசா அலுவல் முடியாததால் செத்தவீட்டுக்கு வர அவரால் முடியவில்லை. சடங்கைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். "சாம்பல் கரையிறதையாவது பாக்கவேணும், சித்தப்பா" என்று அப்பாவிடம் கேட்டார். அந்த முப்பது நாளில் அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

எப்படியோ டீசல் தேடி ஒரு வான் வண்டியைப் பிடித்திருந்தார் அப்பா. உறவினர்களும் வாழையிலையும் சமையற் சாமான்களுமாக அது நிரம்பிவிட்டது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். (மாதத்துக்கு ஒரு தடவை திறப்பேன். அன்று திறந்திருக்கத் தேவையில்லை.) பெரியப்பாவின் சாம்பலை அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோக வேண்டும் என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சைக்கிள் அது. புகையிலைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் அவர் அதில்தான் போய்வந்தார். எனக்கு ஓட்டப் பழக்கியதும் அதில்தான். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறவர்களைப் பிடிக்கும் குறியீட்டு நோய் எனக்கு அப்போது முற்றியிருந்தது. கடைசிப் பயணத்தை அவர் வானில், வாழையிலைக் கட்டோடு சேர்ந்து போவது எனக்கு அழகாகப் படவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையள் சாம்பல் கொண்டுபோறதில்லை" என்றார் அப்பா.

"அவளும் அவற்ரை பிள்ளைதானே. கொண்டுபோகட்டும்" என்றார் பெரியம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "பெற்றோல் அவ்வளவு தூரத்துக்குக் காணுமோ?"

"ஓம், அப்பா. கணக்குப் பார்த்தனான்."

கணக்கை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பெற்றோல் தாங்கியில் குச்சி விட்டுப் பார்த்ததில் அரை லீற்றருக்குச் சற்றுக் கூட இருந்தது. கீரிமலைக்குப் போய்ச்சேர அது போதாது. அந்தச் சைக்கிளுக்குரிய வாராந்தப் பெற்றோல் பங்கை வாங்கக் காட்டவேண்டிய கியூஆர் குறி பெரியப்பாவின் கைப்பேசிக்குள் இருந்தது. கைப்பேசியின் கடவுச்சொல்லை அவர் தம்மோடு கொண்டுபோய்விட்டார். அயலில் கேட்டால் பெற்றோலுக்குப் பதிலாகப் பெருமூச்சுத்தான் கிடைத்தது.

அன்று மாலை கைப்பேசியில் ஒரு செய்தியைப் படித்தேன். அயல்நாட்டில் பெற்றோலுடன் எதனோலைக் கலந்து விற்கிறார்களாம். எதனோல் என்பது மதுவில் இருக்கும் அதே பொருள் என்றும் அதில் எழுதியிருந்தது. பழைய வண்டிகளைப் பற்றியும் கீழே ஒரு பந்தி இருந்தது. (ஒரு செய்யுளுக்கு மூன்று உரைகளை ஒப்பிட்டுப் படிக்கும் நான், அந்தப் பந்திக்கு முன்பே வாசிப்பை நிறுத்திக்கொண்டேன்.) ஏனென்றால் என் கண் குசினி அலுமாரிக்குப் போய்விட்டது.

அதற்குள் முக்காற் போத்தல் பனஞ்சாராயம் இருந்தது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்போம். அதைத்தான் எட்டுச்செலவு என்கிறோம். பெரியப்பாவுக்கு மீன் பொரியல், கணவாய்க் கறி, சுருட்டு, ஒரு கிளாஸ் சாராயம் என்று படைத்தோம். மிஞ்சியதைக் குடிக்க வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊற்றிவிடவும் பெரியம்மாவுக்குக் கை வரவில்லை.

பத்துப் பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எதனோல் என்று செய்தி சொன்னது. அந்த அளவில் கலந்தால் கீரிமலைக்குச் சற்று முன்னாலேயே சைக்கிள் நின்றுவிடும் என்று என் கணக்குச் சொன்னது. பிறர் எழுதியதில் ஒரு கால்புள்ளியையும் மாற்றாத நான், பத்தை நாலாக மாற்றினேன். பதினைந்து மூடி. ஒவ்வொரு மூடியையும் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து ஊற்றினேன்.

பெரியம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பின் சாயல் வந்தது அன்றுதான்.

"என்ன பிள்ளை, சைக்கிளுக்கும் எட்டுச்செலவோ?"

"இது விஞ்ஞானம், பெரியம்மா."

மறுநாள் காலை ஏழரைக்கு வான் புறப்படத் தயாரானது. வெள்ளைத் துணியால் வாய் கட்டிய சாம்பல் மண்முட்டியை என் வயிற்றோடு சேர்த்து, பெரியப்பாவின் சால்வையால் பெரியம்மா இறுக்கிக் கட்டினார். "மெல்லமாப் போ. அவர் ஒருநாளும் வேகமாப் போனதில்லை" என்றார். அதை என்னிடம் சொன்னாரா முட்டியிடம் சொன்னாரா தெரியவில்லை. பிறகு வானில் ஏறிக்கொண்டார்.

சைக்கிள் இரண்டாம் உதையிலேயே உயிர்பெற்றது. சரவணையைத் தாண்டும்போது ஒரு விக்கல். வேலணையில் இன்னொன்று. பெரியப்பாவுக்கும் சாப்பிட்டதும் விக்கல் வரும் என்று எண்ணி நெகிழ்ந்தேன். (அந்த நெகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.) தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல், முகத்தில் காற்று, வயிற்றில் பெரியப்பா. இதை எழுத வேண்டும் என்று நான் நினைத்த கணத்தில் இயந்திரம் திணறியது. பழக்கத்தில் கையை நீட்டி, தாங்கியின் அடியிலுள்ள திருகை 'ரிசேவ்' பக்கம் திருப்பினேன். ஒரு நீண்ட இருமல். அதன்பின் காற்றின் சத்தம் மட்டுமே கேட்டது.

இருபது தரம் உதைத்தேன். இருபத்தோராவது உதையின்போது, பாலத்தோரம் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ தங்கச்சி, விடும், விடும்! பிள்ளைத்தாச்சி சைக்கிள் உதைக்கிறதே?"

"இது பிள்ளையில்லை, அண்ணை" என்றேன். "பெரியப்பா."

அவர் இரண்டடி பின்னால் போனார். சால்வையையும் வெள்ளைத் துணியையும் பார்த்து விளங்கிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். பின்னர் தாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். அவர் முகத்தில் துக்கம் போய்த் திகைப்பு வந்தது.

"இதென்ன, சாராயமெல்லே மணக்குது?"

ஒப்புக்கொண்டேன். எதனோல் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"உந்தச் சாராயத்திலை பாதிக்கு மேலை தண்ணியெல்லோ, தங்கச்சி. தண்ணி பெற்றோலோடை சேராது. அடியிலை போய் நிண்டிருக்கும். மேலை இருந்த பெற்றோலிலை இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர். ரிசேவ் அடியிலையிருந்து இழுக்கும். நீர் திருப்பினவுடனை சைக்கிள் தனிச் சாராயம் குடிச்சிட்டுது." சற்று நிறுத்தி, "போத்திலிலை எத்தினை வீதம் எண்டு எழுதியிருக்குமே, பாக்கேல்லையோ?" என்றார்.

பார்க்கவில்லை. அடிக்குறிப்பு விடாமல் படிப்பவள் என்று துறையில் பெயர் வாங்கிய நான் அதைப் படிக்கவில்லை.

மணி எட்டரை ஆகியிருந்தது. சைக்கிளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவர் வீதியின் நடுவில் நின்று கையை விரித்தார். முதலாவது பஸ் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. அந்த நாட்களில் பஸ்களின் கதவிலும் ஆட்கள்தான் தொங்கினார்கள். ஒன்பதரைக்கு வந்த மூன்றாவது நின்றது.

"பிள்ளைத்தாச்சி ஏறுது, இடம் விடுங்கோ! தம்பி, எழும்பும்!" என்று கத்தினார் கொண்டக்டர்.

இருக்கையில் இருந்தவர் எழுந்தார். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் முதுகைத் தடவி, "எத்தினை மாசம்?" என்று கேட்டார்.

"ஒரு மாசம்" என்றேன். இறந்து முப்பத்தொரு நாள். பொய் சொல்லவில்லை. என் வயிற்றின் அளவைப் பார்த்த அந்த அம்மா, அதன்பின் இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. நானும் எதையும் திருத்தவில்லை. கைப்பேசி மடியில் அதிர்ந்துகொண்டேயிருந்தது. அப்பா, அப்பா, அப்பா, சுதன் அண்ணா. எடுத்தால் சாராயத்தைச் சொல்லவேண்டும். எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துக் கீரிமலைக்கு நான் போய்ச்சேர்ந்தபோது பதினொரு மணி. ஐயர் எங்களுக்காகக் காத்திருந்து, பிறகு இன்னொரு குடும்பத்தின் சடங்கைத் தொடங்கியிருந்தார். அப்பா என்னை ஏசவில்லை. சால்வை முடிச்சை அவிழ்த்து முட்டியை வாங்கிக்கொண்டார்.

"சுதன் பத்து மணி மட்டும் லைனிலை நிண்டவன்" என்றார். "வேலைக்குப் பிந்தினா நிப்பாட்டிப்போடுவாங்களாம். போயிட்டான்."

பெரியப்பா கடலில் கரைவதைச் சுதன் அண்ணா பார்க்கவில்லை. ஒளிப்பதிவு செய்து அனுப்பினோம். அதைத் திறந்து பார்த்தாரா என்று கேட்கும் துணிவு எனக்கு இதுவரை வரவில்லை.

சைக்கிளை மறுநாள் கராஜ்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து அவர் திறந்து பார்த்தபோது காபரேற்றருக்குள் இருந்த பழைய றப்பர் வளையங்கள் ஊதி நொந்துபோயிருந்தன. தாங்கியின் அடியில் துரு பிடித்திருந்தது. "பழசுகளுக்குக் கொஞ்ச எதனோலே ஒத்துவராது. நீங்கள் தண்ணியும் சேர்த்துக் குடுத்திருக்கிறியள்" என்றார். நான் வாசிக்காமல் விட்ட பந்தியை அவர் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார்.

இப்போது பெற்றோலுக்கு வரிசை இல்லை. சுதன் அண்ணாவுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் திவசத்தன்று அவர் அழைப்பார். படைத்த இலையையோ படத்தையோ காட்டச் சொல்வதில்லை. "தங்கச்சி, சைக்கிளை ஒருக்கா ஸ்ராட் பண்ணும்" என்பார். கைப்பேசியை இருக்கையில் சாய்த்துவைத்துவிட்டு உதைப்பேன். வீடே முற்றத்துக்கு வந்துவிடும். ஏழாம் உதையிலோ எட்டாம் உதையிலோ அது இருமிக்கொண்டு எழும்பும்.

"இன்னும் சாராய வெறி முறியேல்லைப் போல!" என்பார் பாரிஸிலிருந்து.

எல்லோரும் சிரிப்பார்கள். எட்டுச்செலவுக் கதையைப் பெரியம்மா முதலிலிருந்து தொடங்குவார். பிள்ளைத்தாச்சிக் கட்டம் வரும்போது அப்பாவும் சிரித்துவிடுவார். நான் கையை அக்சிலேற்றரிலிருந்து எடுக்காமல் நிற்பேன். சுதன் அண்ணாவுக்கு அது, தோட்டத்திலிருந்து தகப்பன் வீட்டுக்கு வரும் சத்தம். அவர் கேட்டுக்கொண்டேயிருப்பார். நான் இயந்திரத்தை நிறுத்தும்வரை தொடர்பைத் துண்டிக்கமாட்டார். அதனால், பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று அன்று மட்டும் நான் பார்ப்பதில்லை.