ஆயிரம் பேரோட தொடர்பு

“சார், உங்க ஆடியோ உங்க மாமனார் போனுக்கே போயிடுச்சாம்” என்றாள் மஞ்சு.

ஆனந்தராஜ் அப்போது கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். ‘அனுப்புநர்’ பெட்டியிலிருந்து கிளம்பிய அம்பு ‘பெறுநர்’ பெட்டிக்குப் போகாமல் பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது.

“எந்த ஆடியோ?”

“நீங்க மொத கிளாஸ்ல பேசினது சார். கலைமதி அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிட்டா. அவளுக்காக ரெக்கார்ட் பண்ணி அனுப்பினேன். அவ அதுல கொஞ்சூண்டு கட் பண்ணி ஸ்டேட்டஸ் வெச்சுட்டா. இப்ப செஞ்சி பூரா சுத்துது. யாரு இப்படி அனுப்பிக்கினே இருக்காங்கன்னு தெரியல.”

மஞ்சு போனை நீட்டினாள். அவனுடைய குரல்தான், சந்தேகமே இல்லை.

“தொடர்புன்னா ரெண்டு பேருக்குள்ள மட்டும்தான்னு நெனைக்காதீங்க. ஒரே நேரத்துல ஆயிரம் பேரோட தொடர்பு வெச்சுக்கலாம். அவங்க மூஞ்சி கூட நமக்குத் தெரிய வேணாம். நான் பத்து வருஷமா இதுலதான் இருக்கேன்.”

இதற்கு முன்னால் அவன் ‘வெகுஜன ஊடகம்’ என்று சொல்லியிருந்தான். பின்னால் ‘எடுத்துக்காட்டு, வானொலி’ என்றும் சொல்லியிருந்தான். கலைமதியின் கத்தரிக்கோலுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

பாடத்தின் பெயர் ‘வெகுஜனத் தொடர்பியல்: ஓர் அறிமுகம்’. பாடத்திட்டம் எழுதிய புண்ணியவான் செஞ்சிப் பக்கம் வந்தவராக இருக்க முடியாது. இந்த ஊரில் ஒருவனுக்குத் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று யாரும் கேட்பதில்லை. யாரோடு என்றுதான் கேட்பார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் ரஞ்சனி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “நீங்க பாடம் நடத்துறப்போ பசங்க தூங்குவாங்களா?” அவன் ஆமாம் என்றான். “பொய் சொல்லாத ஆளு” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லியும்விட்டான்.

ஆனால் நிச்சயம் முடிகிறவரை பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். தொடர்பியலில் இரண்டு பட்டம் வாங்கியவனுக்குக் கட்டிக்கப்போகிற பெண்ணோடு தொடர்பு கொள்ள வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே ஊடகம் தரகர் விநாயகம்.

அவரைக் கூப்பிட்டான்.

“கோவிந்தசாமி அண்ணன் கேட்டாரு சார்” என்றார் விநாயகம். “திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். ‘இம்மா தொடர்பாய்யா அந்தப் புள்ளைக்கு’ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. அப்பறம் வெச்சுட்டாரு.”

“கோவமா சொன்னாரா?”

“போன்ல மூஞ்சி எங்க சார் தெரியுது?”

ரஞ்சனியின் அப்பா கோவிந்தசாமி சாதாரண ஆள் இல்லை. சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்த வீட்டுக் காதுகுத்து பிளெக்ஸிலும் ஓரமாக நின்று கும்பிடுகிற ஆள். மானம் போனால் சும்மா விடமாட்டார்.

தமிழ்த்துறை ஜெயக்கொடிதான் கல்லூரியில் அவனுக்கு ஒரே நண்பர். யோசனை சொல்வதில் வள்ளல்.

“ஒரே வழி. மறுத்துடுய்யா” என்றார்.

“அது பாடம்னு விளக்கிச் சொல்லலாமே?”

“விளக்கினா மழுப்புறான்னுவாங்க. அடிச்சு மறு.”

அடித்து மறுத்தான். ‘எனக்கு யாரோடயும் எந்தத் தொடர்பும் கிடையாது, இதுவரைக்கும் இருந்ததும் இல்ல, இனிமேலயும் இருக்காது’ என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

“சொல்லிட்டேன் சார். ‘ஒண்ணு கூடவா இல்ல?’ன்னு கேட்டாரு. கொரலே எறங்கிப் போச்சு.”

“நம்பலியா?”

“நம்பலன்னுதான் நெனைக்கிறேன். சமையல்காரர்கிட்ட வெள்ளிக்கிழமைக்கு இன்னும் காய் வாங்க வேணாம்னு சொல்லிட்டாராம்.”

பெறுநர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டால்தான் தொடர்பு முழுமையாகும் என்று அன்று காலைதான் முதலாண்டு மாணவர்களுக்கு எழுதிப்போட்டிருந்தான். அதெல்லாம் மாணவர்களுக்கு. வாத்தியார் நேரே ஜெயக்கொடியிடம் ஓடினான்.

“சாட்சி வேணும்” என்றார் ஜெயக்கொடி. “நானே போறேன். கவலைய விடு.”

போனார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கோவிந்தசாமியிடம் நண்பனின் ஒழுக்கத்தைப் பொழிந்து தள்ளினார். ஆனந்தராஜ் யாரோடும் பேசமாட்டான். பிரின்சிபாலுக்கே அவன் பேர் தெரியாது. கேண்டீனில் தனியாகத்தான் சாப்பிடுவான். சொந்த ஊரான சிங்கவரத்தில் அவன் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணம் காட்சி என்று எதற்கும் போவதில்லை. நாலு பேர் சேருகிற இடமே அவனுக்கு ஆகாது.

“மனுஷன் அப்படியே ஆடிப்போயிட்டாருய்யா” என்று வந்து சொன்னார். “தலையில கை வெச்சுக்கினு, ‘அவ்ளோ மோசமா?’ன்னாரு.”

“மோசம்னா சொன்னாரு?”

“ஆமா. எனக்கும் புரியல. நல்ல பையன்னு இன்னா சொன்னாலும் மூஞ்சி சுருங்கிக்கினே போச்சு.”

மறுநாள் விநாயகம் கூப்பிட்டார். நிச்சயத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கோவிந்தசாமி யோசிக்கிறாராம். விழுப்புரத்தில் வேறு ஒரு பையனின் ஜாதகம் வந்திருக்கிறதாம்.

அதைக் கேட்டதும் ஆனந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பாழாய்ப்போன தொடர்பியலுக்குப் பதில் ஒரு பி.காம். படித்துத் தொலைத்திருக்கலாம் என்று வாய்விட்டே புலம்பினான். பிறகு ஒரு முடிவுக்கு வந்தான். போனைத் திறந்து, இருந்த வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தெல்லாம் வெளியேறினான். பழைய மாணவர் குழு, சிங்கவரம் இளைஞர் மன்றம், கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் குழு, எதையும் விடவில்லை. அடுத்து நம்பர்களை அழித்தான். கூடப் படித்து இன்று பெரிய தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற ஷோபனாவின் நம்பரில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பெண் பெயர். அதுவும் போனது.

அன்று மாலையே சைக்கிளை மிதித்துக்கொண்டு கோவிந்தசாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். கூடத்தில் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி மீனம்பாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ரஞ்சனியின் வளையல் சத்தம் கேட்டது.

“மாமா, இந்தாங்க என் போன். நீங்களே பாருங்க.”

கோவிந்தசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இன்னாப்பா, அம்மா, நைனா, தரகரு, சிலிண்டர்காரரு. அவ்ளோதானா?”

“அவ்ளோதான் மாமா” என்றான் ஆனந்தராஜ் பெருமையாக.

“பேப்பர்காரங்க யாரும் பழக்கம் இல்லியா?”

“சத்தியமா இல்ல.”

“டிவியில?”

“ஒருத்தி இருந்தா. கூடப் படிச்சவ. அதையும் இன்னிக்கே அறுத்துட்டேன் மாமா.”

“அடப்பாவி” என்றார் கோவிந்தசாமி. “இளைஞர் மன்றத்துலயாவது இருக்கியா?”

“அதுலேர்ந்தும் வெளிய வந்துட்டேன். இனிமே எனக்குன்னு ஒரு ஜனம் கெடையாது. ரஞ்சனி மட்டும்தான்.”

வளையல் சத்தம் சட்டென்று நின்றது. கோவிந்தசாமி போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். கிணற்றடியிலிருந்து பெருமூச்சு கூடம்வரை கேட்டது.

ஆனந்தராஜ் மீனம்பாள் பக்கம் திரும்பினான்.

“அத்தை, இன்னும் நான் இன்னா பண்ணணும்? எப்படிச் சொன்னா மாமா நம்புவாரு?”

மீனம்பாள் கத்திரிக்காயை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அவரு வர்ற எலெக்சன்ல வார்டுக்கு நிக்கிறாரு தம்பி, ‘ஆயிரம் பேரோட தொடர்பு இருக்கிற மருமவன் வர்றான்’னு அந்த ஆடியோவ ஊர் பூரா அனுப்பிக்கினு இருந்ததே அவருதான்.”