ஆறாவது மாடித் தேர்தல்

ஓட்டு எண்ணும்போது மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: குடியிருப்புச் சங்கச் செயலாளர், அவர் மனைவி, எதிர்த்து நின்ற தையற்காரர், ஓட்டை எண்ணிய ஐந்தாம் மாடி டீச்சர். வேறு யாராவது தாங்களும் இருந்ததாகச் சொன்னால் அது பொய்.

லிஃப்ட் நின்று எட்டு மாதம். செயலாளர் பதவி அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. இரண்டு தலைமுறையாகப் போட்டியே கிடையாது. தோற்றால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த அப்பா படத்தைப் பார்ப்பதையே அவர் விட்டிருந்தார்.

தையற்காரர் மாடிக்கு மாடி ஒரு தாள் ஒட்டினார்: ‘லிஃப்ட் ஓடும். ஓடவிடாதவர் போவார்.’

செயலாளர் ஒன்பது பக்கம் பதில் எழுதி ஒட்டினார். மோட்டார், கம்பி, கம்பெனிக்குப் போட்ட கடிதங்கள், எல்லாம் தேதிவாரியாக.

டீச்சர் முழுவதும் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க சார். லிஃப்ட் எப்ப வரும்?”

“எட்டாம் பக்கத்துல இருக்கு டீச்சர்.”

“சொல்ல முடியாதுன்னுதான் இருக்கு.”

ஒரே பக்கமாகச் சுருக்கச் சொன்னாள் மனைவி. அவர் ஒரு சொல்லையும் வெட்ட மனமில்லாமல் எழுத்தைப் பொடியாக்கினார். எதையோ மறைக்கிறார் என்று பேச்சு கிளம்பியது.

பொறுக்காமல் தையற்காரரிடமே போனார். “எப்படி ஓட வைப்பீங்க?”

“எனக்கென்ன சார் தெரியும்? நான் தரைத்தளம். லிஃப்ட்ல ஏறினதே இல்ல.”

“அப்புறம் எதை நம்பி எழுதினீங்க?”

தையற்காரர் ஊசியில் நூல் கோத்து முடித்துத்தான் பதில் சொன்னார். “மூட்டையைத் தூக்கிட்டு மூச்சு வாங்க நிக்கறவங்களுக்குக் காரணம் வேணாம் சார். அவங்க எரிச்சலை யாராவது உரக்கச் சொல்லணும். நீங்க சொல்லல, நான் சொன்னேன்.”

தேர்தல் ஆறாவது மாடிக் கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது சங்க விதி. கீழேயே வைக்கலாம் என்று மனைவி கெஞ்சியும், விதி விதிதான் என்றுவிட்டார். ஓட்டுப்பெட்டியையும் வேறு கையில் கொடுக்கவில்லை. முழங்கால் வலியோடு தானே சுமந்து ஏறினார். மாடிக்கு மாடி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் எதிரே தையற்காரரின் தாள். நாலாம் மாடியில் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஒருவர் விடாமல் போட்டது மொத்தம் முப்பத்தொரு ஓட்டு. தையற்காரருக்கு முப்பது.

செயலாளர் சாவிக்கொத்தை நீட்டினார். “சீக்கிரம் ஓட வையுங்க” என்றார்.

அவர்கள் கீழே வந்து சேர்வதற்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது: கட்டின பெண்டாட்டியே கைவிட்டாள், அந்த ஒற்றை ஓட்டு பாவம் அவரே போட்டுக்கொண்டது. மறுநாள் படியில் டீச்சர் அவளிடம் தயங்கித் தயங்கி இதைக் கேட்டார்.

அவள் காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டாள்.

“தப்பு டீச்சர். அந்த ஒரு ஓட்டு நான் போட்டது.”