நாற்காலி வந்ததும் ஆரம்பிக்கலாம்

வேலை செய்கிறவர்கள், வேலை செய்யாதவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு வகை விட்டுப்போயிற்று. வேலைக்கு ஆயத்தமாகிறவர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனசு புண்படும். காலையில் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார்கள். மேஜையைத் துடைப்பார்கள், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுப்பார்கள், திரையை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்துவார்கள், வயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவார்கள், அன்றைய வேலைகளைப் பட்டியல் எழுதுவார்கள், பட்டியலுக்கு மூன்று கலரில் அடிக்கோடு போடுவார்கள். பிறகு? பிறகு மத்தியானச் சாப்பாடு.

2004ஆம் வருஷம் புனேயில், வானவடியில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் முப்பது பேர் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியில் இந்த இனத்தின் மணிமுடி இருந்தார். பெயர் ஸ்ரீவத்சன். சென்னையிலிருந்து வந்தவர், மூளைக்காரர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் அருணாச்சலத்திடம் போய் நின்றார்.

"சார், இந்த பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்து எப்படி சார் யோசிக்கறது? முதுகு வளைஞ்சா மூளையும் வளைஞ்சுடும். நாற்காலி வந்ததும் ஆரம்பிச்சுடலாம்."

அருணாச்சலம் கோயமுத்தூர்க்காரர். "இல்லை" என்ற சொல் அவர் நாக்கில் ஏறாது. "அதுக்கென்னங்க, வாங்கிப் போட்டுடலாம்" என்றார். ஒருவருக்கு மட்டும் வாங்கினால் நன்றாயிருக்காதென்று முப்பது பேருக்கும் வாங்கினார்.

நாற்காலி வந்தது. ஸ்ரீவத்சன் ஆரம்பித்தார், இரண்டாவது திரை கேட்க ஆரம்பித்தார். அது எல்லோருக்கும் வந்ததும் தலைக்கு மேல் விளக்கு கண்ணைக் கூசவைத்தது. விளக்கு மாறியதும் காதுக்கு ஹெட்போன், ஹெட்போன் வந்ததும் வேகமான கம்ப்யூட்டர், அதுவும் வந்ததும் நடுவில் தடுப்புப் பலகை. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக வெளிநாட்டுக் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்து வைத்திருந்தார். அந்த ஃபைலைவிடப் பெரிதாக அவர் அந்த ஆபீசில் எதையும் தயாரித்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், அவர் கேட்டதில் ஒன்றுகூட அநியாயமில்லை.

அடுத்த இருக்கையில் தமிழரசி. கடக்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். ஒரு வருஷமாக முதுகுவலியோடு ஸ்கூட்டியில் வந்துபோய்க்கொண்டிருந்தவளுக்கு நாற்காலி மாறிய பதினைந்தாம் நாள் வலி போயிற்று. இரண்டு திரை வந்ததும் அவள் வேலையில் தப்புகள் பாதியாகக் குறைந்தன. "அண்ணா, உங்க புண்ணியத்துல ஆறு மணிக்கே வூட்டுக்குப் போறேன். ஏக்தம் ஆராம், ரொம்ப சொகம்" என்றாள். ஆபீசே அப்படித்தான் ஓடியது, ஒரே ஒரு நாற்காலி தவிர.

கடைசியில் அவர் கேட்டது தனியறை. அருணாச்சலம் சாமான் அறையைக் காலி செய்து, ஏசி போட்டு, கதவைக்கூடச் சத்தம் வராமல் எண்ணெயிட்டுக் கொடுத்தார். "ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் புரோகிராம் எழுதணுங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து பாக்கறாங்க. இது போச்சுன்னா அவங்க வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க கவலை?"

திங்கள் காலை கதவு மூடியது. அப்போதுதான் ஸ்ரீவத்சனுக்கு அந்த விபரீதம் புரிந்தது: கேட்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

சென்னையில் ஒருமுறை, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்ரீவத்சன் எழுதிய புரோகிராம் நட்டநடுவில் நின்றுபோயிருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்று வருஷமாகியும் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. தொடங்காத வேலை எந்த இடத்திலும் நிற்காது அல்லவா? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்குப் பதிலாகத்தான் நாற்காலி கேட்டார்.

வியாழன் காலை பதினோரு மணிக்குத் தமிழரசி எட்டிப்பார்த்தாள்.

"அண்ணா, ஆச்சா?"

"இந்த ஏசி காத்து நேரா நெத்தில அடிக்கறது..."

"ஏசி இன்னா பண்ணிச்சு? நல்லா டீக்காத்தானே ஓடுது?" என்று திரையைப் பார்த்தாள். அவர் பெயர், தேதி, அதன் கீழே அழகான ஒரு கோடு. அவ்வளவுதான். அவள் சிரிக்கப் போகிறாள் என்று ஸ்ரீவத்சன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. "அரே பாப்ரே" என்றாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உடுங்க. மொதல்ல தப்பா எழுதுங்க."

"தப்பாவா?"

"ஆமா. பேகாரா ஒண்ணு எழுதுங்க. நான் பக்கத்துலயே குந்திக்கினு சரி பண்றேன். சலோ, ஜல்தி!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வியாழக்கிழமை புனேயில் கரண்ட் போகாவிட்டால்தான் அதிசயம். சாமான் அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. இருவரும் தமிழரசியின் இடத்துக்கு ஓடினார்கள். எடுத்துப்போக எதுவும் இல்லாதது ஒரு வசதி. ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் லாரி மாதிரி உறுமியது, ஃபேன் இல்லை, டீசல் புகை, பேக்கரி அடுப்பின் அனல், சட்டை முதுகோடு ஒட்டியது. ஸ்ரீவத்சன் அங்கே கிடந்த ஒரு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து தப்பாக எழுதினார். தப்பு பாதி சரியாயிற்று. மறுபடி எழுதினார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், சாப்பிடக்கூட மறந்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாவித்ரி என்ற அம்மாள் டோக்கன் கொடுத்துப் பார்த்தாள், டாக்டர் பெயரை மாற்றிப் பார்த்தாள், எல்லாம் ஓடியது. "டாக்டருக்கு லீவு" என்ற பட்டனை அழுத்தினாள். நின்றுவிட்டது.

ஸ்ரீவத்சனுக்குக் காது அடைத்தது. தமிழரசி வாயைத் திறப்பதற்குள் அவரே இந்தியில் சொன்னார்: அது நான் எழுதினதுதான், தப்பு, இரண்டு நாளில் சரி செய்கிறேன். அந்த அம்மாள் தோளைக் குலுக்கினாள். "எங்கள் டாக்டர்கள் சொல்லிவிட்டா லீவு போடுகிறார்கள்? மற்றதெல்லாம் நன்றாயிருக்கிறது" என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனார் ஸ்ரீவத்சன், ஏதோ மூட்டையை இறக்கிவைத்தவரைப் போல.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? திங்கட்கிழமை புது ஃபைலோடு அருணாச்சலத்தின் முன் நின்றார். சத்தமும் வெக்கையும் சிந்தனையைத் தூண்டுமாம், கட்டுரை இருக்கிறதாம், ஜெனரேட்டர் பக்கத்தில் தனக்கு ஒரு மேஜை வேண்டுமாம். "அதுக்கென்னங்க" என்றார் அருணாச்சலம். ஆனால் ஒன்று. மேஜை வருவதற்குள் அந்த லீவு பட்டனை ஸ்ரீவத்சன் சரி செய்துவிட்டார், நின்றபடியே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைக் கையில் எடுக்குமுன் ஃபேனைக் கூட்டி வைத்தீர்கள், கண்ணாடியைத் துடைத்தீர்கள், தலையணையை இரண்டு முறை தட்டினீர்கள். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. உங்களுக்கும் எங்கோ ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கும். அது என்னவென்றும் கேட்க மாட்டேன். இதைப் படித்து முடித்ததும் தொடங்கலாம் என்றுதானே இருந்தீர்கள்?

முடிந்துவிட்டது.