மக்ரோனிக்குள் காற்று

கடவுளே நேரில் வந்தாலும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் எங்கள் ‘கிராம்’. செகந்திராபாத் பக்கத்து மல்லாபூர் ஃபேக்டரியில் இரும்பு வார்ப்புகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. திருநெல்வேலிக்காரர். வார்ப்புக்குள் கடுகளவு காற்று இருந்தாலும் சிவப்பு அட்டையைக் கட்டி ஒதுக்கிவிடுவார். ஒருமுறை கேன்டீன் பூரி உப்பியிருந்தது என்று அதற்கும் கட்டினார்.

எழுபதுகளில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் சிலர் வந்தார்கள். மதியம் அவர்களுக்கு மக்ரோனி. கேன்டீனைப் பார்த்துக்கொண்ட சரோஜா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், வருஷக்கணக்காக டெம்பரரி. விருந்து நன்றாக நடந்தால் பர்மனென்ட், சொதப்பினால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

சமையல் குறிப்பில் ஆளுக்கு ஒரு கப் என்றிருந்தது. கடைக்காரரோ எடை போட்டுத்தான் தருவார். ஒரு கப் எத்தனை கிராம்? பாவம், அவள் போய்க் கேட்ட இடம் அப்படி.

கிராம் ஒரு கப் மக்ரோனியைக் கொட்டிப் பார்த்து முகம் சுளித்தார். ஒவ்வொன்றிலும் ஓட்டை. கொஞ்சத்தை இடித்து மாவாக்கி, அத்தனை ஓட்டையிலும் குச்சியால் திணித்து, கப்பை மேஜையில் தட்டித் தட்டி நிரப்பித் தராசில் வைத்தார்.

“காத்து இருந்தா இருக்கட்டுமே சார், கைக்கு அடைக்கிறீங்க?” என்றாள் சரோஜா, ‘ஏன்’ என்பதற்கு அந்த ஊர் உருதுச் சொல்லைப் போட்டு.

“காத்தையா திங்கப் போறாங்க? நீ இந்த எடைக்கே வாங்கும்மா.”

விருந்தன்று மக்ரோனி அண்டாவை விட்டு எழுந்து வந்தது. விருந்தாளிகள் ரசித்துத்தான் சாப்பிட்டார்கள், ஆனால் பாதி அப்படியே மிச்சம். இது யார் போட்ட கணக்கு என்று மேனேஜர் கேட்டார்.

அப்போது கிராம் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானில் சிவப்பு அட்டை தொங்கியது.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். கணக்கு என்னுது. ரிஜெக்ட் பண்றதுன்னா என்னையப் பண்ணுங்க.”

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிச்சத்துக்குக் கடுகு தாளித்துச் சாயந்திர ஷிஃப்டுக்குப் போட்டாள் சரோஜா. தட்டை வழித்துச் சாப்பிட்டோம். அவளுக்கு வேலையும் நிலைத்தது.

கிராம் மட்டும் அட்டையைக் கழற்றவில்லை. ஒருவர் தன் வேலையைத் தானே பாஸ் செய்யக் கூடாது என்பது அவரே வகுத்த சட்டம். அதோடுதான் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் வந்தார். கடைசியில் சரோஜா ஒருநாள் டீயை வைத்துவிட்டு, சிவப்பை அவிழ்த்து, பாஸான வார்ப்புகளுக்குக் கட்டும் பச்சை அட்டையைக் கட்டினாள்.

“ஹவ் சார், இப்ப சரி” என்றாள், ‘ஆமாம்’ என்பதையும் அந்த ஊர்ப் பேச்சிலேயே.

ரிடையராகும்வரை அந்தப் பச்சை அட்டை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை நான் கட்டியிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமைதான்.