டாட்வெல் ஏந்திய தட்டு

இங்கிலாந்தின் நடிப்புக் கலையைத் தாங்கி நிற்பவர் கதாநாயகர் அல்ல. கதாநாயகரின் மேல்கோட்டைக் கையில் தாங்கி நிற்கிறாரே, அவர்தான். வேலைக்காரர் வேஷமே கட்டிய ஹம்ஃப்ரி டாட்வெல் இந்த மகத்தான பொறுப்பை மேடையிலும் தொலைக்காட்சியிலும் நாற்பது ஆண்டுகள் வகித்தார். பிரபுக்களுக்குக் கதவு திறந்தார். துப்பறியும் கதைகளில் நூலக அறைப் பிணங்களை முதல் ஆளாகக் கண்டுபிடித்தார். "வண்டி வந்துவிட்டது, பிரபுவே" என்று அவர் சொன்னால் வண்டி வந்தே தீரும்!

அப்பேர்ப்பட்டவருக்கு நடிகர் கழகம் "வாழ்நாள் சாதனை" விருது அறிவித்தது. தேர்வுக் குழு பலமுறை கூடி ஆராய்ந்தது. முதல் கூட்டம் முழுவதும் அவர் யார் என்பதிலேயே போயிற்று.

டாட்வெல்லுக்கு விருது பெரிதில்லை. மேடையில் இரண்டு நிமிஷம் பேசலாம். யாரும் எழுதிக் கொடுக்காத, அவருடைய சொந்த வசனம்! குளியல் தொட்டியில் கிடந்தபடி ஒத்திகை பார்த்தார். "ஐவி இல்லையென்றால் நான் இல்லை" என்று பேச்சு முடியும். மனைவி ஐவி கதவுக்கு வெளியே நின்று கேட்டு அழுதுவிட்டு, எதுவும் கேட்காதவள் போல் தேநீர் போட்டாள்.

விருது வழங்கும் விருந்தன்று லண்டன் ஓட்டலில், பரிசாரகர்களைப் போலவே கறுப்புக் கோட்டும் போ டையுமாக நின்ற டாட்வெல்லிடம் ஒரு சீமாட்டி காலிக் கோப்பையை நீட்டினார்.

"இதை எடுத்துட்டுப் போப்பா."

அந்த நாட்டில், மிதித்தவரிடம் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். பிறர் தவறைச் சுட்டிக்காட்டுவது தவறைவிடப் பெரிய அநாகரிகம்.

"தாராளமா, அம்மணி" என்றார் டாட்வெல்.

அடுத்த கோப்பை வந்தது. பிறகு ஒரு தட்டு வந்தது. பின்னாலேயே தலைமைப் பரிசாரகர் வந்தார்.

"யோவ், புது ஆளா? பெரிய மேஜைக்கு இன்னும் சூப் போகல. என்ன பராக்குப் பார்த்துட்டு நிக்கிறே?"

"மன்னிச்சுக்குங்க" என்றார் டாட்வெல். ஒரு சொட்டுச் சிந்தாமல் சூப் போயிற்று.

ஐவி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, என்ன கூத்து இது? வந்து உட்காருங்க!"

"இந்த மேஜையை மட்டும் முடிச்சுடறேன் ஐவி. நான் யாருன்னு பாதியில சொன்னா அந்தப் பரிசாரகர் மனசு சங்கடப்படும்."

அப்போது பெரிய மேஜையிலிருந்து இயக்குநர் ஜைல்ஸ் எழுந்தார். டாட்வெல்லை வைத்தே பல தொடர்களை இயக்கியவர். ஒரு கையில் விருதும் மறுகையில் கோப்பையுமாகத் தழுதழுத்தார்.

"டாட்வெல்! அந்த முகத்தை யாரால மறக்க முடியும்? ஆயிரம் பேர் நடுவுல நின்னாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன்!"

சொல்லிக்கொண்டே கோப்பையைப் பக்கவாட்டில் நீட்டினார். பக்கத்தில் தட்டோடு நின்ற டாட்வெல் மது ஊற்றினார்.

"மேடைக்கு வாங்க, டாட்வெல்!"

கைதட்டல் அதிர்ந்தது. அத்தனை பேரும் வாசலையே பார்த்தார்கள். டாட்வெல் லேசாகத் தொண்டையைச் செருமினார். கைதட்டலுக்குக் குறுக்கே பேசுவதும் அந்த நாட்டில் அநாகரிகம். ஆகவே அடுத்த கோப்பையை நிரப்பினார்.

"வரலை போலிருக்கு. அடக்கமான மனுஷர்!" என்ற ஜைல்ஸ், விருதை டாட்வெல்லின் தட்டில் வைத்தார். "இதைக் கொஞ்சம் பிடிப்பா. நானும் கை தட்டணும்."

ஐவி எழுந்தாள். அவளும் அந்த நாட்டுக்காரிதான், மன்னிப்பிலிருந்துதான் தொடங்கினாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஐயா. விருது சரியான ஆள் கைக்குத்தான் போயிருக்கு. நாற்பது வருஷமா உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு. நீங்கதான் இன்னும் திரும்பிப் பார்க்கலை."