மணமகன் அறையும் மகா மௌனமும்

எங்கள் கட்டட வடிவமைப்புத் தொழிலில் பொய்க்குக் கான்செப்ட் நோட் என்று பெயர். அதை எழுதுவதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

தாம்பரத்தில் ஆபீஸ் போட்டு ஏழு வருடமாக நான் வரைந்ததெல்லாம் கல்யாண மண்டபம்தான். (படிக்கும்போது கண்ட கனவு வேறு. அதை விடுங்கள்.) அப்போதுதான் ஐரோப்பிய நகரம் ஒன்று, புதிய கலாச்சார மையம் கட்ட உலக அளவில் வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. ஜெயித்தால் இனி மண்டபம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று மனைவி மாலதியிடம் சபதம் செய்தேன்.

சபதம் செய்தவன் உட்கார்ந்து வரைய வேண்டாமா? கடைசித் தேதி நெருங்கியதும், பழைய பம்மல் மண்டபத்தின் பிளானை எடுத்து, அறைகளின் பெயரை மட்டும் இங்கிலீஷில் மாற்றினேன். பந்திக் கூடம் ‘பகிர்தலின் வெளி’ ஆனது. கை கழுவும் இடம் ‘நீருடன் ஓர் உரையாடல்’. ஒரே ஓர் அறையில் மட்டும் தமிழ் எழுத்தை அப்படியே விட்டுவைத்தேன். வெள்ளைக்காரனுக்குப் படிக்கத் தெரியாது, பார்க்க ஆழமாக இருக்கும் என்பது என் கணக்கு. மாலதி எட்டிப் பார்த்து, "ஏங்க, இது நம்ம பம்மல் மண்டபம்தானே?" என்றாள். கலை தெரியாதவள் என்று மன்னித்துவிட்டேன்.

யார் செய்த புண்ணியமோ, கடைசி ஐந்து பேரில் என் பெயரும் வந்தது. வீடியோவில் நேர்காணல். நடுவர் தலைவர் அந்தத் தமிழ் எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். மனிதன் தன்னைத்தானே சந்திக்கும் மகா மௌனத்தைக் குறிக்கும் மிகப் பழைய சொல் என்றேன். எல்லோரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். அதுவரை பேசாமலிருந்த நரைத்த தலை அம்மா ஒருவர் மட்டும் மைக்கை ஆன் செய்தார்.

"தம்பி, நான் யாழ்ப்பாணம். அதில மணமகன் அறை எண்டெல்லோ எழுதிக் கிடக்கு."

"ஆமாங்க்கா" என்றேன். அவர் அதை மற்ற நடுவர்களுக்கும் பொறுமையாக மொழிபெயர்த்தார். அவர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் மாலதி சிரித்ததுதான் தாங்கவில்லை. பூமி பிளந்தால் பரவாயில்லை என்றிருந்தது. எங்கள் ஃபிளாட்டோ மூன்றாவது மாடி.

பரிசு வேறு யாருக்கோ போனது. ஒரு மாதம் கழித்து அந்த அக்காவிடமிருந்து மெயில் வந்தது. அவர்கள் ஊர்த் தமிழர்களுக்குக் கல்யாண மண்டபம் ஒன்று வேண்டுமாம். பிளான் நன்றாகத்தான் இருக்கிறதாம், பெயர்களை மட்டும் பழையபடி மாற்றி அனுப்ப வேண்டுமாம். வெட்கத்தை விட்டு அனுப்பினேன். கட்டியும் முடித்துவிட்டார்கள்.

பிறகு சொந்த வீடு கட்டினேன். போன மழைக்கு, நானே வரைந்த அந்த வீட்டின் சமையலறை ஒழுகியது. உள்ளும் புறமும் ஒன்றாகக் கலக்கும் வடிவமைப்பில் இதெல்லாம் சகஜம் என்று ஆரம்பித்தேன். பத்தாவது படிக்கும் மகள் ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

"அப்பா, யாழ்ப்பாணத்து அத்தைக்கு போன் போடவா?"