சுமையாவின் கேனுக்கு நான் போட்ட மூடி

ஏற்காடு,
டிசம்பர் 14.

என் மரியாதைக்குரிய அஜ்மல் மச்சானுக்கு, மைத்துனன் ரஹமத்துல்லா ஸலாத்துடன் எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே நான், அமீனா, சுமையா மூவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும், குறிப்பாக அக்காவின் இடது முழங்காலும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். மலையில் குளிர் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் போனில் பேசினால் சுமையா காதில் விழுந்துவிடும். விஷயம் அவளைப் பற்றியது. இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். உங்களோடு கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் இப்போது கால்நடைத் துறையில் பெரிய இடத்தில் இருப்பதாக அக்கா சொன்னாள். அவரிடம் இதைக் கொடுத்து, சுமையாவை எப்படியாவது சேலத்துக்கு மாற்றச் செய்ய வேண்டும். இது அவளுக்குத் தெரியாது. அமீனாவிடமும் கடைக் கணக்கு என்று சொல்லித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னால்தான் நீங்களும் அவசரத்தைப் புரிந்துகொள்வீர்கள்.

உங்கள் மருமகள் சுமையா மாட்டு டாக்டராகி, மாரமங்கலம் பக்கம் கால்நடை மருந்தகத்தில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலையில் முக்கியமான பகுதி. அந்த ஊசிக்குள் போகும் சரக்கை (நீங்கள் பெரியவர், இதற்கு மேல் என்னால் விளக்க முடியாது) மெல்லிய குழாய்க் குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் ஊற்றிய ஒரு கேனுக்குள் தொங்கவிட்டு வைக்கிறார்கள். அந்தத் திரவத்தின் குளிர் மைனஸ் நூற்றித் தொண்ணூற்றாறு டிகிரி, மச்சான். நான் எண்ணைத் தப்பாக எழுதவில்லை. நம் வீட்டு பிரிட்ஜின் ஐஸ் பெட்டி மைனஸ் பதினெட்டோடு நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றை என் ஒரே மகள் ஸ்கூட்டரின் முன்பக்கம் பால் கேன் மாதிரி வைத்துக்கொண்டு பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் போகிறாள். எந்தத் தகப்பனுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்?

சரி, நம்மால் முடிந்த பாதுகாப்பைச் செய்வோம் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருஷமாக ஏற்காடு பஜாரில் ரெயின்கோட்டும் செருப்பும் தண்ணீர் டியூபும் குக்கர் கேஸ்கட்டும் விற்கிறவன் நான். ரப்பரைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரகமாக, தோல் நிறத்தில், சிந்தெடிக் ரப்பர் கையுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். ஆசிட்டில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கம்பெனி அட்டையிலேயே போட்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள். ரெண்டு நாள் கழித்து மதிய சாப்பாடு கொடுக்க மருந்தகத்துக்குப் போனேன். கதவைத் திறந்தால் ஒரே வெண்புகை. புகைக்கு நடுவே சுமையா குனிந்து நிற்கிறாள், கையில் இடுக்கி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுக்கி நுனியிலிருந்து ஒரு விரல் ஒடிந்து, சிமெண்டுத் தரையில் 'டிங்' என்று விழுந்து, ரெண்டாக உடைந்து மேஜைக்கடியில் ஓடிவிட்டது. விரல், மச்சான்! நகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மடிப்பு வரைக்கும் என் கண்ணுக்குத் தெரிந்தது. சாப்பாட்டுக் கூடையைப் போட்டுவிட்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்து ரேஷன் கடை வரிசை முழுவதும் உள்ளே வந்துவிட்டது.

"அத்தா, அத்தா, என்னைப் பாருங்க. பத்து வெரலும் இருக்குது. எண்ணிப் பாருங்க" என்று அவள் ரெண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். நான் நிஜமாகவே எண்ணினேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் கொடுத்த கையுறை கை தவறிக் கேனுக்குள் விழுந்திருக்கிறது. அதை எடுக்கும்போது விரல் ஒடிந்திருக்கிறது. ரேஷன் வரிசைக்காரர்கள் மீதி நான்கு விரலையும் ஒடித்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அவளும் விட்டாள். முறுக்கு மாதிரி ஒடிந்தது.

"ரப்பர் நெகிழ்ந்து குடுக்குறதெல்லாம் வெதுவெதுப்பு இருக்குற வரைக்குந்தான் அத்தா. ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு எல்லை இருக்குது. இந்தக் கையுறைக்கு மைனஸ் இருவது, முப்பது டிகிரி இருக்கும். அதுக்குக் கீழ போனா அது ரப்பரில்ல, கண்ணாடி. அதனாலதான் நாங்க தோல் கையுறை போடுறோம், அதும் லூசா. ஒரு சொட்டு உள்ள போனாலும் ஒதறிக் கழட்டிரணும்" என்றாள்.

அந்தக் கணமே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. கையுறை மெல்லியது, அதனால் ஒடிந்தது, கெட்டி ரப்பராக இருந்தால் தாங்கும் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

இனி வருவதுதான் நான் வெட்கப்பட்டு எழுதுவது. போன வியாழக்கிழமை காலையில் கரடியூரில் பூவாயி என்ற எஸ்டேட் தொழிலாளியின் மாட்டுக்கு ஊசி போட வேண்டும் என்று, முந்தின நாளே கேனை வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் கேனை உற்றுப் பார்த்தேன். அதன் மூடி ஏதோ தெர்மோகோல் மாதிரி ஒன்று, லொடலொடவென்று கிடக்கிறது. ஓரத்தில் புகை கசிகிறது. அரசாங்கச் சொத்து இப்படி வீணாகிறதே, வண்டியில் குலுங்கினால் மகள் மேல் தெறிக்குமே என்று என் மனசு கேட்கவில்லை. கடையைத் திறந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் கெட்டி சிந்தெடிக் ரப்பர் அடைப்பான் ஒன்றை எடுத்து வந்து, கேன் வாயில் வைத்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறுக்கினேன். புகை நின்றது. அவளுடைய லொடலொட மூடியை என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சந்தேகம் வராமலிருக்க மேலே துணியைச் சுற்றிவிட்டு, இன்றைக்குப் பனி அதிகம், ஸ்கூட்டர் வேண்டாம், நானே நம் கடை ஜீப்பில் கூட்டிப் போகிறேன் என்றேன். பாவம், என் அக்கறையை நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கரடியூர் போய்ச் சேர ஒரு மணி நேரம். பூவாயி கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, ரெண்டு தடவை ஊசி போட்டும் சினை நிக்கலைங்க. இந்தத் தடவையும் இல்லைன்னா மாட்டை வித்துப்போடலாம்னு ஊட்டுக்காரரு சொல்றாருங்க. அது எம்புள்ள மாதிரிங்க" என்றாள். அவள் கணவர் சித்தன் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். விற்கச் சொன்னவர் போலவே தெரியவில்லை. சுமையா மாட்டைத் தொட்டுப் பார்த்து, "நல்ல நேரங்க, ஊசி போட சாயங்காலம் வரைக்கும் இருக்குது" என்றாள். நான் ஜீப்பிலிருந்து கேனை இறக்கி, கொட்டகை ஓரம் வைத்து, அவள் கேட்பதற்கு முன் அடைப்பானைக் கழற்றிவிடலாம் என்று துணியை எடுத்தேன்.

அடைப்பான் வெள்ளையாகப் பனி படிந்து கல் மாதிரி இருந்தது. தொடலாமா என்று யோசித்து ஒரு அடி பின்னால் வைத்தேன். அந்த ஒரு அடிக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். 'டமார்' என்று ஒரு சத்தம். அடைப்பான் என் காதோரம் பறந்து, கொட்டகைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு மேலே போய், திரும்பி வந்து, துவைக்கிற கல்லில் விழுந்து மூன்று துண்டாக உடைந்தது. புகையில் யாருக்கும் யாரும் தெரியவில்லை. பூவாயி "மாரியாத்தா!" என்றாள், நான் "யா அல்லாஹ்!" என்றேன், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு காபித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது.

சித்தன் ஒரு பக்கம், பூவாயி ஒரு பக்கம், சுமையா பூட்ஸோடு நடுவில், நான் செருப்பு அறுந்து கடைசியில். காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு, "அந்தாண்ட, அந்தாண்ட!" என்று வழி காட்டினார்கள். கடைசியில் மாடு ஒரு ஓடையோரம் எதுவுமே நடக்காதது போல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. நான்தான் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சுமையா என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அவள் உடைந்த மூன்று துண்டையும் பொறுக்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "எங்க போச்சு அத்தா என் மூடி?" என்றாள். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அது லூசா இருக்குறதுக்குன்னே செஞ்சதுங்க அத்தா. உள்ள அது கொதிச்சுக்கிட்டே இருக்குது, காத்து வெளிய போயே ஆகணும். நீங்க அடைச்ச ரப்பர் குளிர்ல இறுகி, சுருங்கி, புடிமானம் இல்லாம போச்சு. அதனாலதான் அது பறந்துச்சு. அது சுருங்காம கெட்டியா புடிச்சிருந்தா..." என்று நிறுத்தினாள்.

"புடிச்சிருந்தா?"

"கேன் வெடிச்சிருக்கும். ஜீப்புல, எம் மடியில."

சொல்லிவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முப்பத்தெட்டு வருஷமாக என் கடைக்கு ரப்பர் கெட்டுப்போனது, விறைத்துப்போனது என்று யார் வந்தாலும் திட்டி அனுப்பியவன் நான். அன்றைக்கு அது கெட்டுப்போனதால்தான் என் பிள்ளை உயிரோடு நின்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். பூவாயி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "உடுங்க பாய், தகரத்துல ஓட்டைதானுங்களே, அடைச்சுக்கலாம்" என்றாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுமையா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினாள். குச்சியில் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளைப் பனி படிந்தது. "நைட்ரஜன் போதும், சரக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். மாடு மிரண்டிருக்கிறது, ஒரு மணி நேரம் ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிறகு பூவாயி வெந்நீர் வைத்தாள். சரக்குக் குச்சியை முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் அரை நிமிஷம் வைக்க வேண்டுமாம். தெர்மாமீட்டரை யார் பிடிப்பது? என்னை நம்பி இனி யார் எதைக் கொடுப்பார்கள் என்று ஒதுங்கி நின்றேன். "அத்தா, இதைப் புடிங்க. முப்பத்தேழு ஆனதும் சொல்லுங்க" என்று அவளே என் கையில் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "ஆச்சு கண்ணு" என்று சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, திரும்பி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடு அவ்வளவு தூரம் ஓடி மிரண்ட பிறகு ஊசி நிற்பது சந்தேகம்தான் என்று வழியில் சொன்னாள். நின்றால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் சித்தன் விற்றுவிடுவார். அதற்கும் காரணம் நான்தான். மூன்று நாளாகத் தூக்கமில்லை, மச்சான். நான் இருக்கும் ஊரில் அவளும் இருந்தால் அடுத்து எதை அடைப்பேனோ தெரியாது. சேலத்துக்கு மாற்றிவிட்டால் குளிராவது குறையும் என்று அவளிடம் ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். "சேலத்துலயும் கேனுக்குள்ள அதே மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுதான் அத்தா" என்கிறாள். இருக்கட்டும். அங்கே தார் ரோடு சமமாக இருக்கும், அக்கா இருக்கிறாள், நான் இருக்க மாட்டேன். எனவே தாமதிக்காமல் மனுவைச் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

அக்காவுக்கு என் ஸலாமும், பிள்ளைகளுக்கு என் துஆவும். உங்கள் எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும், உதவி கேட்டு வருகிறவனைத் திட்டாத மனசையும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலிலேயே எதிர்பார்த்திருக்கும்
ரஹமத்துல்லா.

பி.கு. மார்ச் 5: இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்து, நீங்கள் பதில் போடவில்லை என்று ரெண்டரை மாதமாக உங்கள் மேல் கோபமாக இருந்தேன், மன்னிக்கவும். தபாலில் போடச் சொல்லி அமீனாவிடம் கொடுத்திருந்தேன். அவள் பிரித்துப் படித்துவிட்டு, "இதெல்லாம் ஆறட்டும்" என்று கம்பளி மடிப்புக்குள் வைத்துவிட்டாள். இன்றைக்குக் கம்பளியை வெயிலில் போட எடுத்தபோதுதான் கிடைத்தது. போன வாரம் பூவாயி கடைக்கே ஓடி வந்து, "நின்னுருச்சுங்க பாய்! டாக்டரம்மா கையை உட்டுப் பாத்து உறுதியா சொல்லிட்டாங்க!" என்று பஜாருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சித்தனும் வந்திருந்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்று. யாரும் சொல்லாமலே சுமையாவுக்குச் சேலம் மாறுதல் உத்தரவு திங்கட்கிழமை வந்தது. அவள் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று உங்கள் தெரு வழியாகத்தான் ஜீப்பில் போனேன், மச்சான். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்ததையும் பார்த்தேன். இறங்காமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் மகள் மலையிலேயே இருக்கட்டும் என்று கரடியூர், மாரமங்கலம்காரர்கள் இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு என் மடியில் இருந்தது, கால்நடை ஆபீஸ் மூட அரை மணி நேரம்தான் இருந்தது.